முதல் பிளாக்கிலிருந்து

கோர்ட்டிலிருந்து வந்த படிவத்தில் ஒன்பது கேள்விகள் இருந்தன. முதல் ஆறுக்கும் ஜெனோவா மளமளவென்று பதில் எழுதிவிட்டாள். வயது நாற்பத்தைந்து. வேலை, இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். வீட்டில் பிட்காயின் நோடு ஓடத் தொடங்கிய ஆண்டு 2038. அந்தப் பெட்டி இருக்கும் இடம் என்ற கேள்விக்கு "ஃபிரிட்ஜ் மேல்" என்று எழுதப் போய், அடித்துவிட்டு "சமையலறை" என்று எழுதினாள். ஏழாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

"தங்கள் நோடு முதல் பிளாக்கிலிருந்து இன்றுவரை அனைத்தையும் தானே சரிபார்த்துள்ளதா? ஆம் / இல்லை. சரிபார்த்து முடித்த நாள்."

இரண்டு வருடத்துக்கு முன்பு சாட்சியாகப் பதிவு செய்துகொண்டபோதும் இதே கேள்வி இருந்தது. அப்போது யோசிக்காமல் "ஆம்" போட்டு, குத்துமதிப்பாக ஒரு தேதியும் எழுதியிருந்தாள். போனில் வருகிற நிபந்தனைகளுக்கெல்லாம் "சம்மதம்" தட்டுகிற அதே கை. யார் வாசிக்கிறார்கள்?

வாசிக்கிற நாள் வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை காலை பத்தரைக்கு ஜெனோவா கூண்டில் ஏறவேண்டும்.

படத்தைப் பார்த்து நம்பிய காலம் மலையேறிப் பல வருடம் ஆகிறது. இப்போது யாரை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நிற்கவைத்து வீடியோ செய்யலாம். ஆளும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். கோர்ட்டுகள் திணறித்தான் போயின. கடைசியில் அவர்கள் பிடித்துக்கொண்ட கொம்பு பிட்காயின் சங்கிலி. அதில் காசு இருக்கிறது என்பதற்காக அல்ல. பிளாக் என்று சொல்லப்படும் பக்கம் பத்து நிமிடத்துக்கு ஒன்று வீதம் முப்பத்து நான்கு வருடமாக எழுதப்பட்டுவரும் அந்தப் புத்தகத்தில், பின்னால் போய் ஒரு எழுத்தைக்கூட யாராலும் மாற்ற முடியாது. ஒரு வீடியோவின் கைரேகை, அதாவது அதற்கு மட்டுமே உரிய நீண்ட எண், அந்தப் பக்கத்தில் விழுந்துவிட்டால், வீடியோ அந்த நேரத்துக்கு முன்பே இருந்தது என்பது நிச்சயம். ஆனால் அதைச் சொல்ல ஆள் வேண்டுமே? கம்பெனிக்காரர்களின் இயந்திரங்களை யாராவது காசு கொடுத்து வளைத்துவிடுவார்கள் என்று சட்டம் அஞ்சியது. ஆகவே, அதே மாவட்டத்தில், ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேர் வீட்டில், அந்தப் புத்தகத்தின் முழுப் பிரதியை வைத்து ஓடும் நோடுகள் ஒரே பதிலைச் சொன்னால்தான் சாட்சி என்று வைத்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் அப்படிப் பதிவு செய்தவர்கள் சரியாக மூன்றே பேர்.

வாசலில் பெல் அடித்தது. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இசக்கிமுத்துவின் மனைவி சபிதா கையில் ஒரு இனிப்புப் பொட்டலத்தோடு நின்றாள்.

"அக்கா, மக்ரூன். உங்களுக்குத்தான்."

"ஐயையோ, அதை முதல்ல பைக்குள்ள வையி. சாட்சிக்கு யாரும் ஒண்ணும் கொடுக்கக்கூடாது. உள்ள வா. தண்ணி மட்டும் நான் உனக்குத் தரலாம்."

சபிதா உட்கார்ந்தாள். இசக்கிமுத்து உப்பு லாரி ஓட்டுகிறவன். பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலை ஏழு இருபதுக்கு, உப்பளத்துக் காவலாளி ஒருவரை இடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போனான் என்று வழக்கு. வீடியோ இருந்தது. அதில் அவன் லாரி, அவன் நம்பர், அவன் முகம், கன்னத்து மச்சம் உட்பட எல்லாம் இருந்தன. அந்த நேரத்தில் அவன் எட்டயபுரத்தில் எடைமேடை வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அவன் லாரிக் கேமராவும் அதைப் பதிவு செய்திருந்தது. அதன் கைரேகை அன்று காலையே சங்கிலியில் விழுந்திருந்தது; இடித்த வீடியோவுக்கு அப்படி எதுவும் இல்லை. பத்து வாரமாக அவன் ஜெயிலில் இருக்கிறான்.

"அக்கா, நெசமாவே அந்தப் பொட்டி சொல்லிருமா?" என்றாள் சபிதா. "அவங்க வீடியோவுல எங்க வீட்டாளு முகம் அப்படியே இருக்கு. எனக்கே ஒரு நிமிசம் சந்தேகம் வந்துட்டு. அதை நெனச்சா இப்பவும் சோறு இறங்க மாட்டேங்கு."

"சொல்லும்மா. இருக்குறதை இருக்குன்னு சொல்லும்."

"நீங்க மூணு பேரும் தனித்தனியா பாத்ததுதானக்கா? வக்கீலு அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்காரு."

ஜெனோவாவுக்கு முகம் சிவந்துவிட்டது. படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

சபிதா போன பிறகு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பிய கணவன் ரீகனிடம் உண்மையைச் சொன்னாள்.

"காஜா டிஸ்க்கைத்தான காப்பி போட்டோம், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 2038இல் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தபோது, நெட்வொர்க்குக்கு நம்மால் ஆனது ஒரு நோடு என்று ஜெனோவாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. முழுச் சங்கிலியையும் இறக்கிச் சரிபார்க்க அன்றைய இணைப்பில் மூன்று வாரம் ஆகும் என்று தெரிந்தது. மொபைல் கடை காஜா முகைதீன், "எதுக்குக்கா மெனக்கெடுதீங்க? எங்கிட்ட இருக்கு. ரெண்டு மணி நேரத்துல காப்பி போட்டுத் தாரேன்" என்றான். பரீட்சை நோட்ஸிலிருந்து கல்யாண ஆல்பம் வரை ஒருத்தரிடம் இருந்தால் அது ஊருக்கே இருந்த மாதிரிதான் என்று வளர்ந்தவர்கள் நாம். அவன் பக்கங்களை மட்டும் கொடுக்கவில்லை. "எல்லாம் சரிபார்த்தாயிற்று" என்ற முடிவுப் பட்டியலையும் சேர்த்தே கொடுத்துவிட்டான். அதன் பிறகு ரௌட்டரோடு மூன்று நாள் மல்லுக்கட்டி, வெளியிலிருந்து மற்ற நோடுகள் வந்து கேட்கும்படி கதவைத் திறந்து வைத்ததெல்லாம் ஜெனோவாவின் சொந்த உழைப்பு. அன்றிலிருந்து அவள் பெட்டி தினமும் நாற்பது, ஐம்பது நோடுகளுக்குப் பக்கங்களை வாரி வழங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தையும் அது படித்துப் பார்த்தது கிடையாது.

"அதனால என்ன? டிக் அடி. யாரு கேக்கப் போறா?" என்றான் ரீகன்.

"லேபுல இருபத்தோரு வருசமா ஒரு ஸ்லைடைக்கூட பாக்காம நான் ரிப்போர்ட் எழுதினதில்ல. தெரியும்லா?"

"அது ரத்தம். இது பொட்டி."

"ரெண்டுக்கும் அடியில என் கையெழுத்துதான இருக்கு?"

ரீகன் சட்டையைக் கழற்றி மாட்டியபடி, "சரி, இல்லைன்னு எழுது" என்றான்.

"எழுதினா ரெண்டு சாட்சிதான் மிஞ்சும். மூணு இல்லாட்டி அவன் வீடியோவை எடுத்துக்கவே மாட்டாங்க. அந்தப் பிள்ள இப்பத்தான் வந்துட்டுப் போறா."

இன்னொரு பயமும் அவளுக்கு இருந்தது. அதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வடக்கே ஏதோ ஒரு ஊரில் ஒருவன் கலப்பட டிஸ்க்கைப் பத்துப் பேருக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருந்தான். பத்து நோடுகளும் ஒரே குரலில் பொய் சொல்லின. ஒரு நர்ஸ் எட்டு மாதம் உள்ளே இருந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "நம்ம டிஸ்க்கு எப்படின்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

காஜாவுக்குப் போன் போட்டாள். சாட்சிகளில் அவனும் ஒருவன்.

"காஜா, ஒண்ணு கேக்கணும். உன் நோடு முதல்ல இருந்து சரிபாத்ததுதான?"

அந்தப் பக்கம் ஒரு இருமல். "பின்ன இல்லாமயாக்கா? ஏன் கேக்கீங்க?"

"சும்மாதான்."

"சரிக்கா, கடையில ஸ்டாக் எடுக்கேன், பிறகு பேசுதேன்" என்று வைத்துவிட்டான். அவனாவது சரியாகச் செய்திருக்கிறானே என்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். பொறாமையும் வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நோடின் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். இரண்டே வரிதான் சேர்க்க வேண்டியிருந்தது. முதல் வரி, இதுவரை போட்ட கணக்கையெல்லாம் மறந்துவிட்டு முதல் பிளாக்கிலிருந்து தொடங்கு என்றது. இரண்டாவது வரி, யாரோ முன்பே பார்த்தது என்று எதையும் தாண்டிப் போகாதே, ஒவ்வொரு கையெழுத்தையும் நீயே பார் என்றது. பெட்டியை நிறுத்தித் திரும்பப் போட்டாள். திரையில் 2009ஆம் வருடம் வந்து நின்றது. கீழே, முடிய இன்னும் ஐந்து நாள் இருபது மணி நேரம் என்று காட்டியது.

ரீகன் விரல் விட்டு எண்ணினான். "திங்கக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி. கோர்ட்டு பத்தரைக்கு."

"ஆமா."

"நம்மாளு பிளாக்கு எங்க இருக்கு?"

"பதினெட்டு லட்சத்து இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம். கடைசியில."

சித்திரை வெயில். பெட்டி தொட்டால் சுட்டது. சுட்டால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். புதன்கிழமை காலை ரீகன் அதை ஃபிரிட்ஜ் மேலிருந்து இறக்கி, படுக்கையறையில் ஏசிக்கு நேரே ஸ்டூல் போட்டு வைத்தான். உப்புக்காற்று புகாமல் ஜன்னலை அடைத்தான். புருஷனும் பெண்சாதியும் ஹாலுக்குக் குடிபெயர்ந்தார்கள். "கல்யாணமாகி இருவது வருசத்துல எனக்கு இப்படி ஒரு ஏசி போட்டுக் குடுத்தியா?" என்று முணுமுணுத்தாலும், வேலைக்கு நடுவே மூன்று முறை போன் செய்து, "எந்த வருசத்துல நிக்கி?" என்று கேட்டவனும் அவன்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் 2029இல் நின்றது. இதுவரை ஒரு பிசகும் இல்லை.

சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பது முதல் ஐந்து வரை. உலகத்தில் எது மாறினாலும் அது மட்டும் மாறவில்லை. இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாக்குப் பிடிக்கும். அதற்கு மேல் ஆறு மணி நேரம் போனால் திங்கட்கிழமையை மறந்துவிட வேண்டியதுதான். எட்டரை மணிக்கு ஜெனோவா பெட்டியை ஒழுங்காக அணைத்து, டிபன் பையில் போட்டு, ஸ்கூட்டரில் லேபுக்குக் கொண்டுபோய்விட்டாள். அங்கே மருந்து ஃபிரிட்ஜுக்காக ஜெனரேட்டர் உண்டு. ரத்தம் சுழற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து ஓடவிட்டாள். சர்க்கரை பார்க்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன டெஸ்டும்மா?" என்று கேட்டார்.

"இது எனக்கு எடுக்குற டெஸ்டுங்கய்யா."

"ரிசல்ட் எப்ப?"

"திங்கக்கிழமை. வேண்டிக்கிடுங்க."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு 2042இல் இருந்தது. ஜெனோவா சேலை கட்டி, படிவத்தைப் பையில் வைத்து, பெட்டிக்கு முன்னால் நின்றாள். ரீகன் லீவு போட்டுவிட்டு, குளிக்காமல்கூட ஸ்டூலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தான். ஒன்பது இருபதுக்கு பிப்ரவரி வந்தது. பதினொன்றாம் தேதி அவர்கள் பார்க்கப் பார்க்கக் கடந்து போனது. பெட்டி எங்கும் நிற்கவில்லை, எதையும் மறுக்கவில்லை. ஒன்பது முப்பத்தைந்துக்கு இன்றைய தேதிக்கு வந்து சேர்ந்து, உலகத்தின் மற்ற நோடுகளோடு ஒத்துப்பார்த்து, எப்போதும் போலப் புதிய பிளாக்குக்காகக் காத்திருந்தது. இசக்கிமுத்துவின் வீடியோக் கைரேகையைக் கொடுத்துத் தேடினாள். அதே பிளாக், அதே காலை.

கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அழுகை முடிந்ததும் ஏழாம் கேள்விக்கு "ஆம்" என்று எழுதி, நாள் என்ற இடத்தில் அன்றைய தேதியைப் போட்டாள்.

கோர்ட்டில் அரசு வக்கீல் அந்தத் தேதியைத்தான் பிடித்தார். "இரண்டு வருடத்துக்கு முன்பு பதிவு செய்தபோது வேறு தேதி கொடுத்திருக்கிறீர்கள். எது பொய்?"

"முன்னால கொடுத்ததுதான் பொய்ங்க," என்றாள் ஜெனோவா. சபிதா இருந்த பெஞ்சுப் பக்கம் அவள் பார்க்கவில்லை. "வேற ஒருத்தர் டிஸ்க்கைக் காப்பி போட்டேன். பழைய பக்கம் எதையும் என் பெட்டி பாக்கல. சம்மன் வந்த பிறகுதான் உறைச்சுது. செவ்வாய்க்கிழமை ஆரம்பிச்சு இன்னைக்குக் காலையில ஒன்பது முப்பத்தஞ்சுக்கு முடிச்சேன்."

கோர்ட்டில் சலசலப்பு. நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "யாருடைய டிஸ்க்?"

ஜெனோவா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து காஜா எழுந்துவிட்டான். "அம்மா, என்னோடதுதான். எனக்கும் ஒண்ணு சொல்லணும். நானும் பாக்கல. எனக்கு மெட்ராஸுல ஒரு தோஸ்து கொடுத்தான். செவ்வாக்கிழமை அக்கா போன்ல கேட்டாங்க, ஆமான்னு பொய் சொல்லிட்டேன். வச்ச கையோட கடையை மூடிட்டு நோடை முதல்ல இருந்து ஓடவிட்டேன். ஞாயித்துக்கிழமை முடிஞ்சுது. அவங்க பதில்தான் எனக்கும் வந்துச்சு."

மூன்றாவது சாட்சி கோவில்பட்டி ராஜலிங்கம், கடலைமிட்டாய்க் கம்பெனி முதலாளி. வேட்டியைச் சரிசெய்துகொண்டு மெல்ல எழுந்தார். "நான் அந்தம்மாகிட்டதான் காப்பி வாங்கினேன். போன வருசம் ஒரு கூட்டத்துல கேட்டேன், சந்தோசமா கொடுத்தாங்க. சம்மன் பாத்ததும் முதல் பிளாக்குல இருந்து ஓடவிட்டேன். என் பெட்டியும் சனிக்கிழமைதான் முடிச்சுது. அதே பிளாக்தான் தாயி."

அந்தக் கூட்டமும், பெருமையோடு டிஸ்க்கை நீட்டியதும் ஜெனோவாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அரசு வக்கீலுக்குக் கரும்பு தின்னக் கூலி வேறா? "பார்த்தீர்களா! மூன்றும் ஒரே டிஸ்க்கின் பிரதி. மூன்று சாட்சிகள் அல்ல, ஒன்று."

நீதிபதி ஜெனோவாவைப் பார்த்தார். "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

"அம்மா, நான் லேபுல வேலை பாக்கேன். ஒரே ஆளு ரத்தத்தை மூணு லேபுக்கு அனுப்பினா ரத்தம் ஒண்ணுதான், ஆனா ரிப்போர்ட் மூணு. மூணு பேரும் அவங்கவங்க மைக்ரோஸ்கோப்புல பாத்திருந்தா அது மூணு சாட்சி. ஒருத்தர் ரிப்போர்ட்டைப் பாத்து மத்தவங்க எழுதினாத்தான் தப்பு. போன வாரம் வரைக்கும் நாங்க அந்தத் தப்பைத்தான் செஞ்சோம். இப்ப ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கண்ணால பாத்துட்டோம்."

"ரத்தத்திலேயே கலப்படம் இருந்திருந்தால்?"

"நடுவுல ஒரு பக்கத்தை மாத்தியிருந்தா அடுத்த பக்கம் ஒட்டாதும்மா. பெட்டி அந்த இடத்துலயே நின்னிருக்கும். அதைத்தான் அஞ்சு நாளா பயந்துக்கிட்டே பாத்துட்டு இருந்தேன்."

நீதிபதி கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். "போன வெள்ளிக்கிழமை வரை இந்த மாவட்டத்தில் ஒரு சாட்சிகூட இருந்ததில்லை. அது யாருக்கும் தெரியவுமில்லை. இன்றைக்கு மூன்று பேர் இருக்கிறீர்கள். பதிவின்போது பொய் சொன்னதற்கு மூன்று பேரும் எழுத்தில் விளக்கம் தரவேண்டும். சாட்சியத்தை ஏற்றுக்கொள்கிறேன்."

மத்தியானம் மூன்று மணிக்கு இசக்கிமுத்துவை விட்டுவிட்டார்கள். சபிதா அவன் சட்டையைப் பிடித்த பிடியை விடவே இல்லை. ஜெனோவா பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது. அவன் மெலிந்து, தாடியோடு அவளிடம் வந்து கும்பிட்டான்.

"அக்கா, பொட்டி வேற மாதிரி சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"அதையும் வந்து சொல்லியிருப்பேன், தம்பி."

அவன் தலையாட்டினான். "அப்ப சரிக்கா," என்றான். "அப்பத்தான் நான் இடிக்கலைன்னு ஊரு நம்பும்." சபிதா இப்போது மக்ரூன் பொட்டலத்தை நீட்டினாள். வழக்கு முடிந்துவிட்டது, வாங்கலாம். ஜெனோவா பிரித்து அங்கேயே நின்று இரண்டைச் சாப்பிட்டாள். காஜாவும் ராஜலிங்கமும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது கோர்ட்டு எழுத்தர் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாக வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், கோர்ட்டுக்கும் ஒரு நோடு வைக்கணும்னு மேல இருந்து உத்தரவு. பொட்டி வந்து ஒரு மாசமா சும்மா கெடக்கு. முதல்ல இருந்து ஓட்டுறதுன்னா ஆறு நாள் ஆகும்ங்காங்க. உங்க மூணு பேருல யாராவது டிஸ்க்கை ஒரு காப்பி..."

மூன்று சாட்சிகளும் ஒரே நேரத்தில், "முடியாது" என்றார்கள்.